ஆறாம் எண் டெமோவுக்கு ஒரு முடிவு

"தயாரிப்பு வல்லுநர், இரண்டாம் நிலை. கண்காட்சியில் வாடிக்கையாளரின் தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு விடையளிப்பார். கருவிகளை இயக்கிக் காட்டுவோருக்கு உதவுவார். இசை நிகழ்த்துபவர் அல்லர். நாற்பது பவுண்டு எடை தூக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும்."

வெஸ்ட்ரம் கீபோர்டு கம்பெனியின் ஏடுகளில் ஆர்டித் ஸ்ராமெக்கைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான். இதில் உண்மை என்று பார்த்தால் நாற்பது பவுண்டு மட்டும். அதையும் முட்டி வலி வந்த பிறகு இருபது இருபதாகத் தூக்கினார்.

அனாஹைமில் ஜனவரியில் நாலு நாள் நடக்கும் வாத்தியச் சந்தையில் வெஸ்ட்ரம் அரங்கும் என் அரங்கும் பதினாலு வருஷமாக எதிரெதிர். நான் விற்பது கீபோர்டு வைக்கிற ஸ்டாண்டு. அதனால் ஆர்டித் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஸ்டாண்டு என்றுதான் கூப்பிடுவார். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தச் சந்தைக்குப் பொதுமக்கள் வர முடியாது. கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். வாங்க வந்தவருக்கு நீலம், விற்க வந்தவருக்குச் சிவப்பு, பெயர் பெற்ற கலைஞருக்கு மஞ்சள். அங்கே யாரும் யாருடைய முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. நெஞ்சைப் பார்த்துவிட்டு, பிரயோஜனம் உண்டென்றால் முகத்துக்கு ஏறுவார்கள். காலை பத்துக்குக் கதவு திறந்ததும் முந்நூறு கிதார், நூறு டிரம், உகுலேலே என்கிற குட்டிக் கிதார் கணக்கில்லாமல், எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். சத்தம் அளக்கும் மீட்டரோடு ஒருவர் சுற்றி வந்து எச்சரிக்கை அட்டை நீட்டுவார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி ஏற்றுவார்கள். இத்தனை ஆயிரம் பேரும் வாசிக்க வந்தவர்கள். கேட்க வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஆர்டித் அயோவாக்காரப் பெண்மணி. பத்தொன்பது வயதில் சீடர் ராப்பிட்ஸில் ஒரு மாலில் ஆர்கன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை வாசலை ஒட்டி உட்கார்ந்து, போகிற வருகிற ஜனங்களை இழுக்கும்படி வாசிப்பது வேலை. அங்கே கற்றுக்கொண்டது ஒரே பாடம், ரொம்ப நன்றாக வாசிக்கக் கூடாது. கேட்கிறவர் "இது நமக்கும் வரும்" என்று நினைத்துப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். நன்றாக வாசித்தால் கை தட்டிவிட்டுப் போய்விடுவார், ஆர்கன் கடையிலேயே கிடக்கும். ஆக, திறமையை மறைக்கும் திறமையில் ஆர்டித் சீக்கிரமே தேர்ந்துவிட்டார். எவ்வளவு தூரம் தேர்ந்தார் என்றால், பிற்பாடு அவரிடம் திறமை இருப்பதாகக் கம்பெனியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வெஸ்ட்ரமில் அவருடைய உண்மையான வேலை டெமோ பாட்டு எழுதுவது. கடையில் கீபோர்டைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் அது தானாகவே ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பிக்குமே, அது. இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தொரு பாட்டு. அமெரிக்கா, கனடா முழுக்க வாத்தியக் கடைக்குள் கால் வைத்த அத்தனை பேர் காதிலும் ஆர்டித் விழுந்திருக்கிறார். அவர் பெயர் எங்கேயும் விழுந்ததில்லை.

ஒரு தடவை டொலிடோவிலிருந்து வந்த ஒரு கடைச் சிப்பந்தி அவரிடமே சொன்னார்:

"அம்மா, உங்க பழைய மாடல்ல மூணாவது டெமோ இருக்கே, அதை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்னா! சிகரெட்டை விட்டு மூணு வருஷம் ஆகியிருந்துது. அந்தப் பாட்டாலதான் மறுபடி பிடிச்சேன்."

"என்ன சிகரெட்டு?" என்று கேட்டார் ஆர்டித்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். நானும் ஆரம்பிக்கலாமான்னு பாக்கறேன்."

டெமோ பாட்டுக்கு ஒரு விதி உண்டு. அது முடியக் கூடாது. முடிந்தால் கடை அமைதியாகிவிடும், அமைதியானால் வந்தவர் கிளம்பிவிடுவார் என்பது வியாபாரத்தின் நம்பிக்கை. ஆகவே கடைசி வரி வளைந்து வந்து முதல் வரியில் ஒட்டிக்கொள்ளும். முப்பத்தொரு பாட்டு எழுதிய ஆர்டித் ஒன்றைக்கூட முடித்ததில்லை.

முடிக்க ஆசைப்பட்டது ஒன்றைத்தான். மெரிடியன் என்ற புது மாடலுக்காக எழுதிய ஆறாம் எண். ஏழு எண்ணிக்கைத் தாளம், நாலு நிமிஷம், நடுவில் பியானோ மட்டும் தனியாக வரும். ஒரு குளிர்காலம் பூராவும் அதிலேயே உட்கார்ந்திருந்தார். முடிவு வேறு எழுதினார். ஏழு எண்ணிக்கை ஆறாகும், பிறகு ஐந்தாகும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று குறைந்துகொண்டே வந்து ஒற்றை அடியில் நின்றுவிடும். மாடிப்படியில் இறங்கிவந்து தரையில் கால் வைக்கிற மாதிரி. எனக்கு ஒருமுறை செல்போனில் போட்டுக் காட்டினார். ஸ்டாண்டு விற்கிறவன் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லைதான், ஆனாலும் சொல்கிறேன், அவர் எழுதியதிலேயே உருப்படியானது அது.

முடிவை வெட்டியவர் கார்டன் டில்லட்ஸன். மெரிடியனுக்கு மேலாளர், வயது முப்பத்தெட்டு, பல் வெள்ளை. அதற்கு ஈடாக ஒரு வாக்குறுதி கொடுத்தார். முந்தின வருஷச் சந்தையில் பிரெட்ஸல் தின்பண்டக் கடை ஓரமாக நின்றுகொண்டு அவர் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

"ஆர்டித், மெரிடியன்ல பெரிய திரை வருது. பாட்டு ஓடறப்போ எழுதினவங்க பேர் அதுல வரும். எழுதி வெச்சுக்கோங்க."

ஆர்டித் உடனே கடையிலிருந்து ஒரு துடைக்கிற காகிதத்தை உருவி அதை அப்படியே எழுதி, தேதி போட்டு, "கையெழுத்து" என்று நீட்டினார். கார்டன் சிரித்துக்கொண்டே போட்டார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார் போல. ஆர்டித்துக்கு அது வேடிக்கை இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் வாசித்தும் எழுதியும் வந்தவருக்குக் காட்டிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. திரையில் இரண்டு விநாடி தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அடுத்த ஜனவரி வந்தது. சந்தை வியாழக்கிழமை ஆரம்பம், அரங்கு போடுவது புதன்கிழமை. கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள், பின்னால் ஃபோர்க்லிஃப்ட் கத்திக்கொண்டு போயிற்று. ஆர்டித் முதல் மெரிடியனைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, மின்சாரம் கொடுத்து, ஆறாம் எண்ணை அழுத்தினார். பாட்டு வந்தது. திரையில் "கேட் லோரிமர்" என்று வந்தது.

ஒன்று தவறியிருக்கும் என்று இரண்டாவதைப் பார்த்தார். பிறகு மூன்றாவது. அரங்குக்கு வந்திருந்த பன்னிரண்டையும் பார்த்தார். பன்னிரண்டும் சொல்லிவைத்த மாதிரி பேசின.

கேட் லோரிமர் மஞ்சள் அட்டைக்காரர். கூட்டம் சேர்க்கிற பெயர், ஆண்பிள்ளைக்குத் தோளில் புரளும் முடி, கைநிறைய மோதிரம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஏழு எண்ணிக்கை மட்டும் வராது.

"கார்டன், ஆறாவதுல ஏதோ தப்பு விழுந்திருக்கு" என்றார் ஆர்டித்.

"தப்பு இல்ல ஆர்டித். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"இதோ சொல்லிட்டிருக்கேன்ல. மெரிடியன் இப்போ லோரிமர் பேர்ல வருது. பெட்டியில அவர் படம். அப்போ உள்ள ஒரு பாட்டாவது அவரோடதா இருக்க வேண்டாமா? எல்லாத்தையும் போட்டுக் காட்டினோம். ஆறாவதைக் கேட்டுட்டு, 'என் மனசுல இருந்த மாதிரியே இருக்கு'ன்னார்."

"அவர் மனசுல இருந்ததை நான் எப்படி எடுத்தேன்?"

ஆர்டித் பையிலிருந்து அந்தத் துடைக்கிற காகிதத்தை எடுத்து விரித்தார். கார்டன் குனிந்து பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்று ஒப்புக்கொண்டார். உண்மை பேசுவதில் அவர் குறை வைத்ததே இல்லை.

அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு லோரிமர் மேடையில் அந்தப் பாட்டை "வாசிப்பார்". அதாவது கை அசைப்பார். ஓடுவது டெமோ. இந்த மாதிரி கீபோர்டுகளில் லோக்கல் ஆஃப் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் கட்டைகளுக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். எங்கே அழுத்தினாலும் சத்தம் வராது. வருஷத்துக்கு நூறு வாடிக்கையாளராவது தெரியாமல் அதைப் போட்டுவிட்டு, கீபோர்டு செத்துப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆகவே அந்தச் சந்தைக்குள் லோக்கல் ஆஃப் என்ற ரெண்டு வார்த்தை புரியாத ஆள் கிடையாது.

அதைப் போடுவதும், பாட்டை ஆரம்பித்து நிறுத்துவதும், பிறகு எடுத்துவிடுவதும் ஆர்டித் பொறுப்பு.

சாயங்காலம் என் அரங்குக்கு வந்து ஒரு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்டாண்டு, இது எவ்வளவு தாங்கும்?"

"நூத்தியெண்பது பவுண்டு."

"கார்டன் இருநூறு இருப்பான்ல?"

"மேல ஏத்தணுமா, மேல போடணுமா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பேசாம விட்டுட்டுப் போங்களேன்" என்றேன். வெளியில் நின்று பேசுகிறவனுக்குத் தைரியம் ஜாஸ்தி.

"போலாம். எனக்கு அறுபத்தொண்ணு. வேலைய விட்டா கம்பெனி வைத்தியக் காப்பீடு போயிடும், அரசாங்கத்துது அறுபத்தஞ்சுலதான் வரும். நடுவுல நாலு வருஷம் என் முட்டிய யார்கிட்ட குடுத்து வெக்கிறது, உன்கிட்டயா?" ஸ்டாண்டை இன்னொரு தரம் தட்டினார். "ஒண்ணு மட்டும் இருக்கு ஸ்டாண்டு. வெள்ளிக்கிழமை பாட்டு முடிஞ்சப்புறமும் நான் லோக்கல எடுக்காம விட்டேன்னு வெச்சுக்கோ. அவன் கைய வெப்பான். சத்தம் வராது. ஏன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டே வார்த்தை. மிச்சத்தை அவங்களே புரிஞ்சுப்பாங்க."

"செய்யப் போறீங்களா?"

"தெரியல. ரெண்டு நாள் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மேடை முன்னால் நானூறு பேர். முன்வரிசையில் டர்க் வாண்டர்மோலன், மிச்சிகன்காரர், தொண்ணூறு கடைகளுக்கு வாங்குகிறவர். அவர் தலையாட்டினால் மெரிடியன் பிழைக்கும். இசை வியாபாரத்துக்கு வருமுன் கார்ப்பெட் விற்றவர் அவர். அதை ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்வார்.

ஆர்டித் மேடையோரத்தில் நின்று பாட்டை ஆரம்பித்தார். லோரிமர் நன்றாக அசைத்தார். ஏழு எண்ணிக்கை வரும் இடங்களில் முடியை ஆட்டிச் சமாளித்தார். நாலு நிமிஷம் ஆனதும் ஆர்டித் பாட்டைக் கீழே இறக்கி மங்க விட்டார். முடிவு இல்லாத பாட்டை வேறு எப்படி நிறுத்துவது? கைதட்டல் கூரையை எட்டியது. திட்டப்படி லோரிமர் எழுந்து போக வேண்டும். ஆனால் வாண்டர்மோலன் கை தூக்கினார்.

"பிரமாதம். நடுவுல அந்தப் பியானோ வருதே, அதை மட்டும் மெதுவா ஒரு தரம் வாசிங்க. ஜோடனை இல்லாம, பியானோ சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

தப்பிக்க வழியில்லை. லோரிமர் கட்டைகளில் கை வைத்தார். சத்தம் வரவில்லை. ஆர்டித் இன்னும் லோக்கலை எடுக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லையா, வேண்டுமென்றே விட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லோரிமர் இன்னொரு தரம் அழுத்தினார். டொக் டொக் என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் கேட்டது.

"செத்துப்போச்சு" என்றார் லோரிமர்.

"புது மாடலா, செத்துப்போச்சா?" என்றார் வாண்டர்மோலன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வந்துவிட்டது. மெரிடியன் ஆர்டரைத்தான் அடிக்கப் போகிறார் என்று கார்டனுக்குத் தெரியும்.

கார்டன் ஓடிவந்து, "ஆர்டித்! என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!" என்றார். சொல்லித்தொலைத்து விடாதீர்கள் என்றுதான் கண் கெஞ்சியது.

ஆர்டித் மெல்ல மேடைப்படி ஏறினார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், லோரிமரைப் பார்த்தார். லோரிமர் தன் மோதிரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே என் அரங்கில் நான் ஒரு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டே வார்த்தை.

"மன்னிச்சுக்குங்க" என்றார் ஆர்டித். "கம்பி சரியா சொருகல. என் தப்பு."

குனிந்து, பின்பக்கம் நன்றாகத்தான் இருந்த ஒரு கம்பியை உருவி மறுபடி செருகினார். திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் லோக்கல் ஆஃபை எடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ அனுபவம், யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கீபோர்டையே எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது கட்டைகளுக்கு உயிர் வந்துவிட்டது. அதுதான் ஆபத்து. லோரிமர் அந்தப் பியானோப் பகுதியைக் கேட்டிருக்கிறார், ஒரு நாளும் வாசித்ததில்லை. ஆனால் மேடையில் வளர்ந்தவர். சட்டென்று எழுந்து, பெருந்தன்மையாக நாற்காலியைக் காட்டினார்.

"நான்தான் எப்பவும் வாசிக்கிறேனே. கம்பெனிக்காரங்க ஒருத்தர் வாசிச்சுக் காட்டட்டும். யார் வேணா வாசிக்கலாம்கிறதுதானே மெரிடியனோட அழகு!"

கூட்டம் சிரித்தது. ஆர்டித் உட்கார்ந்தார். முட்டி மடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நடு பாகத்தை மட்டும்தான் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மெதுவாக, பியானோ மட்டும். மாலில் கற்றுக்கொண்ட பாடத்தை அன்று ஒரு தடவை மறந்தார். யாரையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிற வாசிப்பு அல்ல அது. சத்தம் அளக்கிறவர் மீட்டரை இறக்கிக்கொண்டு அப்படியே நின்றார். நடு பாகம் வந்தது, போயிற்று. கடைசி வரி வந்து, முதல் வரியில் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. ஏழு ஆறாயிற்று. ஆறு ஐந்து. நாலு, மூன்று, ரெண்டு. ஒரே ஒரு அடி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் மூன்று விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கோ ஒரு உகுலேலே ஆரம்பித்தது.

வாண்டர்மோலன் மேடைக்கு வந்தார். ஆர்டித்தின் சிவப்பு அட்டையைப் பார்த்தார், பிறகு முகத்துக்கு ஏறினார்.

"நல்லா வாசிச்சீங்கம்மா. பியானோ சத்தம் சுத்தமா இருக்கு. கடைசியில மட்டும் கொஞ்சம் தாளம் தடுமாறிடுச்சு. பரவாயில்ல, லோரிமர் பாட்டு சுலபம் இல்லையே. இன்னும் கொஞ்சம் பழகுங்க."

"பழகறேன்" என்றார் ஆர்டித்.

வாண்டர்மோலன் தொண்ணூறு கடைக்கும் ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் லோரிமர் ஆர்டித்தின் பக்கம் வந்தார். குரலில் உண்மையாகவே மனத்தாங்கல்.

"பாட்டுக்கு முடிவு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லல."

"என்கிட்டயும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார் ஆர்டித்.

கடைசியில் கார்டன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "காப்பாத்திட்டீங்க. ரெண்டாம் நிலை ஆளுங்க மேடையில வாசிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, இந்தத் தடவை நான் கண்டுக்கல. அடுத்த மாடல்ல பாருங்க, உங்க பேர் கண்டிப்பா வரும்" என்றார்.

ஆர்டித் பையைத் திறந்து அதே காகிதத்தை எடுத்து நீட்டினார். கார்டன் கொஞ்சமும் தயங்காமல் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி போட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டார்.

நான் ஆர்டித்திடம் சண்டை போட்டேன்.

"ரெண்டு வார்த்தை! நாக்கு நுனியில இருந்துது. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவன் வாசிக்கலேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். "நான் எழுதினேன்னு தெரிஞ்சிருக்குமா? அதைக் கேக்கறதுக்கு அங்க யாரும் நின்னிருக்க மாட்டாங்க ஸ்டாண்டு. எல்லாரும் அவனப் பாத்துச் சிரிச்சிட்டிருப்பாங்க."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணும் இல்ல. முட்டி. காப்பீடு. போ, ஆள் வந்து நிக்கிறான் பாரு, ஸ்டாண்டு வேணுமாம்."

மெரிடியன் நன்றாக விற்றது. எந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் ஆறாம் எண் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில் கேட் லோரிமர் வந்து போகிறார். கம்பெனி அனுப்பிய சந்தை அறிக்கையில் அந்த மதியத்தைப் பற்றி ஒரு வரி உண்டு. "லோரிமரின் நேரடி நிகழ்ச்சியில் சிறு தடங்கல் ஏற்பட்டது. இரண்டாம் நிலை வல்லுநர் சரிசெய்தார்."

நடந்தது இது. வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, நானூறு பேர் முன்னால், ஆர்டித் ஸ்ராமெக் தான் எழுதிய பாட்டை முதலிலிருந்து வாசித்து முடித்தார்.